பொருநை ஆறும் புறநாட்டு எண்ணெயும்

பொதியமலையில் தோன்றும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் தொலைவு ஓடிப் புன்னைக்காயலுக்கு அருகே கடலிற் கலக்கிறது. பொருநை என்பது அதன் பழம்பெயர். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அதற்கு நீர் வழங்குகின்றன. ஆதலால் தமிழகத்து ஆறுகளுள் ஆண்டு முழுவதும் நீரோட்டம் உடையதாக அஃது எண்ணப்படுகிறது. மலையை விட்டு இறங்கியதும் அதன் வடகரையில் அம்பாசமுத்திரமும் தென்கரையில் கல்லிடைக்குறிச்சியும் அமைந்துள்ளன. நெல் விளையும் இந்நிலப்பகுதிக்கும், பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து கப்பலில் வரும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு உண்டு என்று வினவலாம். எண்ணெய்க்கு ஈடாக வேறோர் ஆற்றலைப் பயன்படுத்தும் முயற்சி, தென்னாட்டில் மிகத் தெளிவாக நடைபெற்ற இடங்களுள் ஒன்று இப்பள்ளத்தாக்கே ஆகும்.

முற்காலத்தில் இவ்வூர்களின் வீடுகளில் விளக்கெரிக்க ஆமணக்கு, இலுப்பை, புங்கு, புன்னை ஆகியவற்றின் எண்ணெய்கள் பயன்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் வந்தது. அது மலிவாகக் கிடைத்தது. மிகுந்த ஒளியும் தந்தது. சில பத்தாண்டுகளுக்குள் செக்கெண்ணெய் விளக்குகள் கோயில்களிலும் பூசையறைகளிலும் மட்டுமே நின்றன. பின்னர்ப் பெட்ரோலில் ஓடும் மோட்டார் வண்டிகளும், எண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஊரில் விளைந்த பொருளின் இடத்தைக் கடல் கடந்து வந்த பொருள் பிடித்துக்கொண்டது. அதனை மீண்டும் உள்நாட்டுப் பொருளால் மாற்றுவது, முதல் மாற்றத்தைப்போல் எளிதாக அமையவில்லை. அதன் காரணத்தை அறியப் பாபநாசத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் ஸ்காட்லாந்துச் சகோதரர் 1880-களில் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை ஒன்றை நிறுவினர். அக்காலத்தில் ஆலை இயந்திரங்களைச் சுழற்றப் பெரும்பாலும் நீராவியே பயன்பட்டது. நீராவியை உண்டாக்க நிலக்கரி வேண்டும். தென்பாண்டி நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. வங்காளத்திலிருந்தோ கடல் கடந்தோ அதனைக் கொணர்ந்து, துறைமுகத்திலிருந்து மலையடிவாரம் வரை சுமந்து செல்லுதல் வேண்டும். மலையினின்று வீழும் நீரோ செலவின்றிக் கிடைப்பது. ஆலையினர் அந்நீரின் விசையைப் பயன்படுத்தினர். நூறு கல் தொலைவிலிருந்து பருத்தியைக் கொணர்ந்தாலும் நட்டமில்லை, நிலக்கரியைக் கொணர்தலே நட்டம் என்று அவர்கள் கணக்கிட்டனர் போலும்! எரிபொருளின் விலையைக் காட்டிலும் அதனைச் சுமந்து வரும் செலவே ஓரிடத்தின் தொழிலைத் தீர்மானிப்பது உண்டு.

அதே வீழ்ச்சியினின்று மின்சாரம் எடுக்கும் திட்டம் 1938-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பைக்காரா மின்நிலையம் 1932-ஆம் ஆண்டிலும் மேட்டூர் மின்நிலையம் 1937-ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கியிருந்தன. அவற்றிற்குப் பின் சென்னை மாகாணத்தின் மூன்றாவது பெரிய நீர்மின் திட்டமாகப் பாபநாசம் அமைந்தது. காரையாறு என்னும் இடத்தில் 143 அடி நீர்மட்டம் உடைய அணை 1942-ஆம் ஆண்டில் முடிந்தது. 1944-ஆம் ஆண்டில் மின்னாக்கம் தொடங்கிற்று. அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 550 கோடி கன அடி. இங்கிருந்து வெளியேறும் நீர் கீழணையில் தடுக்கப்பட்டுக் குழாய்களின் வழியே மலையடிவாரத்து மின்நிலையத்துக்குச் செல்கிறது. இன்று அந்நிலையத்தில் உள்ள நான்கு இயந்திரங்களின் மொத்தத் திறன் 32 மெகாவாட். அணையை ஒட்டிய சேர்வலாற்றில் 1986-ஆம் ஆண்டில் மற்றோர் அணையும் 20 மெகாவாட் மின்நிலையமும் அமைந்தன. இரண்டு நீர்த்தேக்கங்களும் மலையைக் குடைந்த சுரங்க வழியால் இணைக்கப்பட்டுள்ளன.

நீர் எவ்வாறு மின்சாரமாகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு டன், அதாவது 1,000 லிட்டர் நீர், 100 மீட்டர் உயரத்தினின்று வீழ்வதாகக் கொள்வோம். இயந்திரத்தில் இழக்கப்படும் பகுதி நீங்க, அதனால் கிடைக்கும் மின்சாரம் கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவே. இனி ஒரு லிட்டர் டீசலை நோக்குக. அதனுள் அடங்கிய வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 10 யூனிட். எஞ்சின் அதில் மூன்றில் இரண்டு பங்கைப் புகையாகவும் சூடாகவும் இழந்துவிடுகிறது; ஏறத்தாழ மூன்றரை யூனிட்டே வேலையாக மாறுகிறது. அந்த மூன்றரை யூனிட்டை ஆற்றினின்று பெறவேண்டுமாயின், 100 மீட்டர் உயரத்தினின்று 15,000 லிட்டர் நீர் வீழவேண்டும். ஒரு கையில் தூக்கிச் செல்லத்தக்க சிறு புட்டியில் உள்ள எண்ணெய்க்கு, ஒரு பெரிய கிணற்று மோட்டார் பல நிமிடம் இறைக்கும் நீர் ஈடாகிறது. மனிதன் எண்ணெயை விட்டு எளிதில் நீங்காமைக்கு அதன் விலையன்று, இச்செறிவே தலையாய காரணம்.

ஆயினும் ஆற்றுமின்சாரம் எண்ணெயின் இடத்தைச் சில வேலைகளில் முழுவதுமாகப் பெற்றது என்பதை மறுத்தல் கூடாது. கிணற்று நீரை மாடு பூட்டிக் கமலையால் இறைத்த உழவர், பின்னர் எண்ணெய் எஞ்சின் வைத்து இறைத்தனர். அதன்பின் மின்கம்பி ஊருக்குள் வந்ததும் எஞ்சினை விற்று மின்மோட்டார் வைத்தனர். 1950-களிலும் 1960-களிலும் கிணறுகளுக்கு மின்சாரம் வழங்குவதில் சென்னை மாநிலம் இந்தியாவிற்கே முன்னோடியாக விளங்கிற்று. நெல் அரைக்கும் ஆலைகளும் அவ்வாறே மாறின. வீட்டு விளக்குகளில் மண்ணெண்ணெயின் ஆட்சி படிப்படியாக ஒழிந்தது. ஓரிடத்தில் நிலையாக நின்று வேலை செய்யும் இயந்திரத்துக்கு மின்சாரம் எண்ணெயைவிடச் சிறந்தது என்பதற்கு இப்பள்ளத்தாக்கின் வயல்களே சான்று.

இப்பயனுக்குக் கொடுத்த விலையும் உண்டு. நீர்த்தேக்கத்தின் அடியில் மழைக்காடு மூழ்கிற்று. அக்காடுகளில் வழிவழியாக வாழ்ந்துவரும் காணி மக்களின் குடியிருப்புகள் இன்றும் அணைகளைச் சூழ்ந்த மலைப்பகுதியில் உள்ளன. ஊருக்கு வெளிச்சம் தந்த திட்டங்களின் அருகிலேயே வாழ்ந்தும் சாலைக்கும் மருத்துவத்துக்கும் நெடுந்தொலைவு செல்லவேண்டிய நிலை அவர்களுடையது. களக்காடு, முண்டந்துறை ஆகிய இரண்டு காட்டுயிர்ப் புகலிடங்களும் 1988-ஆம் ஆண்டில் ஒன்றாக்கப்பட்டுப் புலிகள் காப்பகம் ஆயின. ஆற்றைப் பிறப்பிப்பதே அக்காடுதான். மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் சிறுகச் சிறுக வழங்குவது அதன் சோலைகளும் புல்வெளிகளுமே ஆகும். மேலும் பல அணைகள் கட்டி மேலும் மின்சாரம் எடுக்கலாம் என்றால், நீரைத் தரும் காட்டை அழித்து நீர்விசையைத் தேடுவதாக முடியும். இஃது இயற்கை இட்ட எல்லை.

மற்றோர் எல்லையை இட்டவர்கள் உழவர்கள். பாபநாசம் அணைக்குக் கீழே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றின் கால்வாய்களால் பாசனம் பெறும் நிலம் ஏறத்தாழ 86,000 ஏக்கர். மின்நிலையம் நீரை உண்பதில்லை. சுழலியைச் சுற்றிய நீர் மீண்டும் ஆற்றிற்கே வந்துவிடுகிறது. அங்ஙனமாயின் உழவருக்கும் மின்துறைக்கும் பூசல் ஏன் எழவேண்டும்? காலமே அதற்குக் காரணம். கார் நெல்லுக்கு ஜூன் முதல் நீர் வேண்டும்; பிசான நெல்லுக்கு ஐப்பசி, கார்த்திகை முதல் மாசி, பங்குனி வரை வேண்டும். மின்சாரமோ நாள்தோறும், அதிலும் மாலை விளக்கேற்றும் பொழுதில், மிகுதியாக வேண்டும். மாலைதோறும் மின்சாரத்துக்காக நீரைத் திறந்துகொண்டே இருந்தால் நாற்று நடும் நாளில் அணை வறண்டிருக்கும். நாற்றுக்காக நீரைத் தேக்கிவைத்தால் மாலையில் இயந்திரம் நிற்கும். ஆகவே, பாசனத்துக்கும் குடிநீருக்கும் திறக்கப்படும் நீரின் அளவைப் பின்பற்றியே மின்னாக்கம் நடைபெறுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி நகரங்களின் குடிநீரும், தூத்துக்குடித் தொழிற்சாலைகளின் தேவையும் இந்த ஓர் ஆற்றையே நோக்கி நிற்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் கார் சாகுபடியே கைவிடப்படுவது உண்டு. மழை மிகுந்தாலும் மின்சாரம் மிகுவதில்லை: 2023-ஆம் ஆண்டு டிசம்பர் நடுவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து தாமிரபரணியும் கரைபுரண்டபோது, அணைகளினின்று வெளியேறிய வெள்ளத்தின் பெரும்பகுதி சுழலிகளைத் தொடாமலே கடலுக்குச் சென்றது.

பாபநாசம் அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே, எண்ணெய் திடீரென்று இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு கண்கூடாகக் கண்டது. இரண்டாம் உலகப்போரின்போது 1941-ஆம் ஆண்டில் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டது. 1942-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். அடுத்த மாதம், ஆங்கிலேயர் பின்வாங்கும்போது, பகைவர் கையில் சிக்காதபடி ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைத் தாமே பாழாக்கிச் சென்றனர். பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த மண்ணெண்ணெயும் பெட்ரோலும் நின்றன. விளக்குகள் மீண்டும் ஆமணக்கெண்ணெயை நாடின. ஆனால் பஸ்ஸை எதனால் ஓட்டுவது?

இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார். மதுரையிலிருந்து பஸ் போக்குவரத்து நடத்தி வந்த அவருடைய நிறுவனம், மரக்கரியினின்று வாயு உண்டாக்கி எஞ்சினை இயக்கும் கருவியைச் செய்து அளித்தது. பஸ்ஸின் பின்புறத்தில் நீண்ட இரும்பு உருளை ஒன்று பொருத்தப்படும். அதனுள் கரியைக் கொட்டித் தீமூட்டி, கைவிசிறியைச் சுழற்றிக் கனலச் செய்வர். காற்றைத் தாராளமாக விட்டால் கரி முற்றும் எரிந்துவிடும். குறைவாக விட்டால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்னும் எரியும் வாயுவைத் தரும். அவ்வாயுவைக் குளிரச் செய்து, தூசி வடிகட்டி, பெட்ரோலுக்குப் பதிலாக எஞ்சினுள் செலுத்துவர். மக்கள் அதனைக் கரி பஸ் என்று வழங்கினர்.

கரி பஸ் ஓடிற்று. ஆனால் பெட்ரோல் பஸ்ஸைப்போல் ஓடவில்லை. அவ்வாயுவில் பாதிக்கு மேற்பட்ட பகுதி எரியாத நைட்ரஜன். ஆதலின் எஞ்சினின் வலிமை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. ஏற்றங்களில் வண்டி திணறும். பயணிகள் இறங்கி நடப்பதும், சிலபோது தள்ளுவதும் உண்டு. விடியுமுன் எழுந்து உருளைக்குத் தீமூட்டிக் காத்திருத்தல் வேண்டும். வழியில் சாம்பலைக் கிளறி அகற்றுதல் வேண்டும். வடிகட்டியைத் துடைக்காவிட்டால் எஞ்சின் தேய்ந்து கெடும். கார்பன் மோனாக்சைடோ மணமற்ற நஞ்சு. மூடிய கொட்டகையில் அது கசிந்தால் உறங்குபவர் எழுவதில்லை. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டனர், வேறு வழி இன்மையால்.

மற்றொரு செலவு வண்டியில் ஏறியவர்களின் கண்ணுக்குத் தெரியாதது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக ஏறத்தாழ ஒன்றே கால் முதல் ஒன்றரைக் கிலோ மரக்கரி வேண்டும். மூட்டம் போட்டுக் கரி சுடும் பழைய முறையில் ஒரு கிலோ கரிக்கு நான்கைந்து கிலோ விறகு செலவாகும். ஒரு பஸ் நாளொன்றுக்கு 30 லிட்டர் பெட்ரோல் குடிப்பது எனக் கொண்டால், அதன் இடத்தில் 40 கிலோவுக்கு மேற்பட்ட கரி, அதாவது 200 கிலோ விறகு வேண்டும். ஓர் ஆண்டுக்கு அது 70 டன்னைத் தாண்டும். ஒரு மாவட்டத்தில் 100 பஸ்கள் ஓடினால் ஆண்டுதோறும் 7,000 டன் மரம்! போர் முடிந்து பெட்ரோல் தடையின்றிக் கிடைக்கத் தொடங்கியதும் அவ்வுருளைகளைக் கழற்றி எறிந்தது வெறும் சோம்பலால் அன்று. ஐரோப்பாவில் சுவீடன் நாடும் அப்போர்க்காலத்தில் பல்லாயிரம் வண்டிகளை விறகுவாயுவால் ஓட்டிற்று. பரந்த காடுகளும் குறைந்த மக்கள்தொகையும் உடைய நாடு அது. அங்கும் போருக்குப்பின் எண்ணெயே திரும்பி வந்தது.

1973-ஆம் ஆண்டில் மேற்கு ஆசியப் போரை ஒட்டி எண்ணெயின் விலை சில மாதங்களில் நான்கு மடங்காயிற்று. 1990-ஆம் ஆண்டில் வளைகுடாப் போர் மூண்டபோது மீண்டும் விலை ஏறி, அடுத்த ஆண்டு இந்தியாவின் அயல்நாட்டுச் செலாவணி இருப்பு சில வாரங்களுக்கே போதும் என்னும் நிலை வந்தது. 2023-24-ஆம் ஆண்டில் இந்தியா பயன்படுத்திய பெட்ரோலியப் பொருள்கள் ஏறத்தாழ 23 கோடி டன். அவ்வாண்டு நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 100-க்கு 87 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வந்தது. அதற்காகக் கொடுத்த தொகை 13,000 கோடி டாலருக்கு மேற்பட்டது.

இப்பெருந்தொகையின் அருகே பாபநாசத்தை வைத்துப் பார்க்கலாம். நான்கு இயந்திரங்களும் இருபத்துநான்கு மணிநேரமும் நிற்காமல் ஓடினால் கிடைப்பது 7,68,000 யூனிட். எஞ்சினில் இவ்வளவு வேலையைச் செய்ய ஏறத்தாழ 2,20,000 லிட்டர் டீசல் வேண்டும். ஓர் ஊரின் கண்ணுக்கு அது கடல்தான். இந்தியா ஒரு நாளில் செலவிடும் எண்ணெயிலோ அது 3,500-இல் ஒரு பங்கு. நான்கு இயந்திரங்களும் ஆண்டு முழுவதும் முழுவிசையில் ஓடுவதும் இல்லை.

மேலும், மின்சாரத்தைப் பெருக்கினால் எண்ணெய் தானே குறையும் என்று எண்ணுவது பிழை. இந்தியாவில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியால் ஆக்கப்படுகிறது. எண்ணெயால் ஆக்கப்படுவது மிகச் சிறிது. எனவே புதிய நீர்மின் நிலையமோ காற்றாலையோ முதலில் குறைப்பது நிலக்கரியை. எண்ணெயைக் குறைக்கவேண்டுமாயின், எண்ணெயால் ஓடும் பொறியை மின்சாரத்தால் ஓடும் பொறியாக மாற்றுதல் வேண்டும். அம்பாசமுத்திரம் வழியே செல்லும் திருநெல்வேலி–தென்காசி இருப்புப்பாதையில் இம்மாற்றம் நடந்தேறியுள்ளது. நிலக்கரி எஞ்சின்கள் ஓடிய அக்குறுகிய பாதையில் பின்னர் டீசல் எஞ்சின்கள் ஓடின; 2012-ஆம் ஆண்டில் அகலப்பாதை ஆயிற்று; பின்னர் மேலே மின்கம்பியும் வந்தது. இருப்புப்பாதைக்கு இது பொருந்தும். வண்டி செல்லும் வழி முன்னரே வரையறுக்கப்பட்டிருப்பதால் கம்பியை அவ்வழியே கட்டிவிடலாம்.

வழியில்லா வழியில் செல்லும் வண்டிகளுக்கு மின்சாரத்தைச் சுமந்து செல்ல மின்கலம் வேண்டும். மின்மோட்டார் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை வேலையாக மாற்றிவிடும். அவ்வகையில் டீசல் எஞ்சினைவிட அது மிகச் சிக்கனமானது. ஆயினும், அச்சிக்கனத்தைக் கணக்கில் சேர்த்த பின்னும், ஒரு கிலோ டீசல் செய்யும் வேலைக்கு 20 கிலோவுக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலம் தேவைப்படுகிறது. இரு சக்கர வண்டிக்கும், இரவில் பணிமனைக்குத் திரும்பிவிடும் நகரப் பேருந்துக்கும் அஃது ஒரு சுமையன்று. தூத்துக்குடியிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகுக்கு என்ன செய்வது? வலையும் மீனும் பனிக்கட்டியும் ஏற்றவேண்டிய இடத்தை மின்கலமே நிரப்பிவிடும்.

எண்ணெயைப்போலவே நீர்ம வடிவில் கிடைப்பதை வயலில் விளைவிக்கலாம் என்பது மற்றொரு வழி. பிரேசில் நாடு 1975-ஆம் ஆண்டு முதல் கரும்பினின்று எத்தனால் வடித்துக் கார்களை ஓட்டி வருகிறது. இந்தியாவிலும் பெட்ரோலில் 100-க்கு 20 பங்கு எத்தனாலைக் கலக்கும் நிலை 2025-ஆம் ஆண்டில் எய்தப்பட்டது. ஒரு டன் அரிசியினின்று ஏறத்தாழ 450 லிட்டர் எத்தனால் கிடைக்கும். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு செய்ய மூன்று கிலோவுக்கு மேல் அரிசி செலவாகும். அம்பாசமுத்திரத்தில் 1937-ஆம் ஆண்டு முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. அம்பை 16 என்னும் புகழ்பெற்ற நெல் அங்கே உருவானது. ஆராய்ச்சியாளர் அந்நெல்லை உருவாக்கியது எவருடைய வயிற்றுக்காக என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அரிசியே ஆயினும் கரும்பே ஆயினும் நீர் வேண்டும். கரும்பினின்று ஒரு லிட்டர் எத்தனால் பெற ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் செலவாகிறது என்பது நிதி ஆயோக்கின் கணக்கு. அரசுக் கிடங்குகளின் அரிசி எத்தனால் ஆலைகளுக்கு வழங்கப்பட்டு வந்தது. 2023-ஆம் ஆண்டில் உணவு விலை ஏறுமென்னும் அச்சத்தால் அது நிறுத்தப்பட்டுப் பின்னர் மீண்டும் தொடங்கப்பெற்றது. எரிபொருளும் உணவும் ஒரே களஞ்சியத்தில் கைவைத்தால் இத்தகைய தடுமாற்றம் நேர்வது இயல்பே.

தரிசு நிலத்தில் காட்டாமணக்கு வளர்த்து டீசலுக்கு ஈடாகும் எண்ணெய் எடுக்கலாம் என்று 2000-களின் தொடக்கத்தில் பெரிதும் பேசப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் திட்டக்குழு அதற்கென ஒரு தேசியத் திட்டத்தை வகுத்தது. தமிழகத்திலும் உழவர் பலர் நட்டனர். தரிசில் அச்செடி உயிர்வாழ்ந்தது உண்மை. உயிர்வாழ்தல் வேறு, காய்த்தல் வேறு. உரமும் நீரும் கிடைத்த நிலத்திலேயே அது விலைபோகுமளவு காய்த்தது. நீரும் உரமும் உள்ள நிலத்தை எவரும் காட்டாமணக்குக்கு விடமாட்டார்.

உரத்தைப் பற்றிப் பேசும்போது, வயலுக்குள்ளேயே எண்ணெய் மறைந்திருப்பதையும் காணவேண்டும். தூத்துக்குடியில் உள்ள ஸ்பிக் உரத்தொழிற்சாலை 1975-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. கச்சா எண்ணெயினின்று பிரிக்கப்படும் நாப்தாவைக் கொண்டே பல பத்தாண்டுகள் அங்கு யூரியா செய்யப்பட்டது. 2021-ஆம் ஆண்டளவில் இயற்கை வாயுவுக்கு அது மாறிற்று. எண்ணெய் ஓர் எரிபொருள் மட்டும் அன்று: உரம், சாலைத் தார், பிளாஸ்டிக், செயற்கை நூலிழை ஆகியவற்றிற்கும் அதுவே மூலப்பொருள். மின்சாரத்தைக் கொண்டு சாலைக்குத் தார் போட இயலாது.

ஈட்டுப்பொருள்களிலும் இறக்குமதி ஒளிந்திருப்பது உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அணு உலைகள் இரண்டு இயங்குகின்றன. 2014-ஆம் ஆண்டு இறுதியில் ஒன்றும் 2017-ஆம் ஆண்டில் மற்றொன்றும் வணிக முறையில் மின்னாக்கத்தைத் தொடங்கின. அவற்றின் எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது. சூரியத் தகடுகளைச் செய்யும் பெரிய தொழிற்சாலை கங்கைகொண்டானில் 2024-ஆம் ஆண்டில் தொடங்கிற்று; ஆனால் அத்தகடுகளுக்கு மூலமான தூய சிலிக்கனும், மின்கலங்களுக்கான லித்தியமும் பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்தே வரவேண்டியுள்ளன. எண்ணெயை நாள்தோறும் வாங்கவேண்டும். தகட்டை ஒருமுறை வாங்கினால் இருபதாண்டுகளுக்கு மேல் பயன்படும். இவ்வேறுபாடு சிறிதன்று. எனினும் முதல்நாளில் முழுவிலையையும் கொடுக்கவேண்டும் என்பதே ஏழை நாட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் தடையாகிறது.

இம்மாவட்டங்களின் காற்று புகழ்பெற்றது. இந்தியாவின் முதற் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் தென்மேற்குக் காற்றைக் குவித்து அனுப்புவதால், கயத்தாறு முதல் முப்பந்தல் வரை ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. ஆனால் அக்காற்று பெரும்பாலும் வைகாசியில் எழுந்து புரட்டாசியில் அடங்குவது. அணைக்கு மழைநீர் வரத்தொடங்குவதும், கார் பருவத்துக்கு நீர் திறப்பதும் அம்மாதங்களை ஒட்டியே. இரண்டு ஆற்றல்களும் ஒரே காலத்தில் பெருகுகின்றன. சிலபோது எடுத்துக்கொள்ள ஆளின்றிக் காற்றாலைகளை நிறுத்திவைக்கவும் நேர்கிறது.

பெருகும் காலத்தில் சேர்த்துவைத்து வறளும் காலத்தில் செலவிடலாகாதா? கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 1980-களின் இறுதியில் அமைந்த 400 மெகாவாட் நிலையம் இதனையே செய்கிறது. மின்சாரம் மிகும்போது கீழ்த்தேக்கத்தின் நீரை மேல்தேக்கத்துக்கு ஏற்றி, தேவைப்படும்போது மீண்டும் விழச்செய்து மின்சாரம் பெறுகின்றனர். ஏற்றிய ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இழப்பாகும். அன்றியும் அது பகலினின்று மாலைக்குச் சேமிக்க உதவுவதே அன்றி, ஆடியினின்று பங்குனிக்குச் சேமிக்க உதவுவதன்று. அத்துணை நீரைத் தேக்கவல்ல மலைப்பள்ளங்கள் எஞ்சியிருப்பவை புலியும் சிங்கவால் குரங்கும் வாழும் காடுகளே.

மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் காற்று ஓய்ந்திருக்கும், ஆறும் மெலிந்திருக்கும். வெயில் ஏறி, வீடுதோறும் மின்விசிறியும் குளிர்பொறியும் ஓடுவது அம்மாதங்களிலேதான். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்னும் அளவை எட்டிற்று. பகலில் சூரியத் தகடுகள் பெரும்பங்கைச் சுமக்கின்றன. கதிரவன் மறைந்தபின், கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியைக் கொண்டு, 1979-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தையும் அதுபோன்ற பிற நிலையங்களையுமே மாநிலம் நம்பவேண்டியுள்ளது. பாபநாசம் மின்நிலையத்தில் அந்நாட்களில், குடிநீருக்காகத் திறக்கப்படும் நீர் எத்தனை இயந்திரத்துக்குப் போதுமோ அத்தனை இயந்திரங்களே சுழல இயலும்.